பாறையின் மர்மம் பெரிது. சாராவின் சாவு சிறிதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் 'பிக்னிக் அட் ஹேங்கிங் ராக்' என்னும் ஆஸ்திரேலியப் படத்தைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பீட்டர் வியர் 1975-இல் இயக்கிய படத்தை இன்றைய வாசகருக்கு நினைவூட்டியதற்கு நன்றி. கட்டுரையாளரின் தீர்ப்பு சுருக்கமானது: சூழலைக் கட்டியெழுப்பியதில் படத்துக்கு ஈடு இணை இல்லை, ஆனால் காணாமற்போன பெண்கள் என்ன ஆனார்கள் என்று கடைசிவரை சொல்லாததால் கதை பலவீனமானது. தீர்ப்பின் முதல் பாதி எனக்கு முழு உடன்பாடு. கதை பலவீனம் என்பதையும் நான் மறுக்கவில்லை. அதற்கு அவர் காட்டும் காரணத்தைத்தான் ஏற்க முடியவில்லை. பலவீனம் இருக்கும் இடம் வேறு. அந்த இடத்தை அவர் தொடவே இல்லை. அரைப் பக்கக் கட்டுரையில் சாரா என்ற சிறுமியின் பெயர் ஓரிடத்தில்கூட வரவில்லை என்பதே என்னை இக்கடிதம் எழுத வைத்தது.

நான் பெண்கள் உறைவிடப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஒன்பது ஆண்டுகள் விடுதிக் காப்பாளராகவும் இருந்தேன். இப்போது மகள் குடும்பத்துடன் மெல்பர்னில் தங்கியிருக்கிறேன். படத்தின் பெயரில் வரும் பாறை இங்கிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரத் தொலைவில்தான் இருக்கிறது. படத்தை மூன்று முறை பார்த்த பிறகு, பாறைக்கும் போய் வந்தேன்.

படம் பாராதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 14, காதலர் தினம். விக்டோரியாவில் ஆப்பிள்யார்ட் என்ற அம்மையார் நடத்தும் உறைவிடப் பள்ளியின் மாணவியர் ஹேங்கிங் ராக் என்ற எரிமலைப் பாறைக்குச் சுற்றுலா செல்கிறார்கள். நண்பகலில் கடியாரங்கள் நின்றுபோகின்றன. மிராண்டா, மேரியன், இர்மா, ஈடித் ஆகிய நால்வர் பாறையில் ஏறுகிறார்கள். ஈடித் மட்டும் அலறிக்கொண்டு இறங்கி ஓடிவருகிறாள். மற்ற மூவரும், அவர்களைத் தொடர்ந்து போன கணித ஆசிரியை மெக்ரா அம்மையாரும் திரும்பவில்லை. சில நாள் கழித்து இர்மா மட்டும் உயிரோடு கிடைக்கிறாள். அவளுக்கு எதுவும் நினைவில் இல்லை. பெற்றோர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகிறார்கள், பள்ளி நொடித்துப்போகிறது.

சூழல் என்று கட்டுரையாளர் பொதுவாகப் புகழ்ந்ததைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் படத்தின் பலமும் பலவீனமும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன. ஒளிப்பதிவாளர் ரஸ்ஸல் பாய்ட் மணப்பெண்ணின் முகத்திரைத் துணியைக் கேமரா லென்சின் முன் கட்டிப் படம் பிடித்தார். வெயில் துணியில் வடிகட்டப்பட்டு, மஞ்சள் பூத்த பழைய ஓவியம் போலத் திரையில் படிகிறது. பிரிட்டனின் பாஃப்டா விருது அவருக்குக் கிடைத்தது தற்செயல் அன்று. இசையில் ருமேனியக் கலைஞர் கியோர்கே சாம்ஃபிரின் பல்குழல் ஊதல். அதன் அடியில், காதுக்கு எட்டியும் எட்டாமலும், நிலநடுக்கத்தின் ஒலிப்பதிவை வேகம் குறைத்துச் சேர்த்த ஓர் உறுமல். பாறை தெரியும்போதெல்லாம் நமக்கு அடிவயிற்றில் ஏதோ செய்கிறதே, அது கற்பனை அன்று. ஒலியால் செய்த வேலை.

இவற்றைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது சிறிய விஷயம் ஒன்று. சுற்றுலாவுக்குப் புறப்படும் மாணவியரிடம் தலைமையாசிரியை, வண்டி உட்எண்ட் ஊரைக் கடந்த பிறகு கையுறைகளைக் கழற்றிக்கொள்ளலாம் என்று அனுமதி தருகிறார். கொளுத்தும் கோடையில் மூடிய வண்டிக்குள் கையுறையோடு உட்கார்ந்திருக்கும் பதினாறு, பதினேழு வயதுப் பெண்களுக்குக் கிடைக்கும் சலுகை அவ்வளவுதான். அன்று காலையில் அவர்கள் வரிசையாக நின்று ஒருத்தி இடுப்புக் கச்சையை மற்றொருத்தி இழுத்துக் கட்டியதைப் பார்த்திருக்கிறோம். இப்போது கையுறை கழல்கிறது. பாறையில் ஏறும்போது காலணியும் கறுப்புக் காலுறையும் கழல்கின்றன. கண்டெடுக்கப்படும்போது இர்மாவின் உடலில் இடுப்புக் கச்சை இல்லை. பருவ வயதுப் பெண்கள் வளர்வதை ஒரு வார்த்தை வசனம் இல்லாமல், கழற்றி வைக்கும் துணிகளைக் கொண்டே சொல்லிவிடுகிறார் வியர். விடுதிப் பெண்களோடு வாழ்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: பள்ளி வேன் ஊர் எல்லையைத் தாண்டியதும் இறுக்கிப் பின்னிய சடையின் ரிப்பனைத் தளர்த்திவிடும் விரல்களை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இனி, படம் விடை சொல்லவில்லை என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். இது புதிதன்று. படத்தைப் பார்த்த அமெரிக்க விநியோகஸ்தர் ஒருவர், விடை இல்லாத மர்மத்துக்காக இரண்டு மணி நேரம் வீணாகிவிட்டதே என்ற ஆத்திரத்தில் காப்பிக் கோப்பையைத் திரையை நோக்கி வீசினார் என்று வியரே சொல்லியிருக்கிறார். ஆனால் விடை சொல்வதாகப் படம் எங்கே வாக்களித்தது? பலர் மாயமாய் மறைந்தார்கள் என்று தொடக்க எழுத்துகளிலேயே தெரிவித்துவிடுகிறது. விடை கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்குச் சான்றும் இருக்கிறது. படத்துக்கு மூலமான நாவலை ஜோன் லிண்ட்சே 1967-இல் வெளியிட்டபோது, மர்மத்தை விளக்கும் கடைசி அத்தியாயம் பதிப்பகத்தின் ஆலோசனைப்படி நீக்கப்பட்டது. அவர் 1984-இல் மறைந்த பிறகு, 1987-இல் அது தனி நூலாக வந்தது. காலம் உறைந்து நிற்பதும், வீசியெறிந்த கச்சைகள் கீழே விழாமல் அந்தரத்தில் நிற்பதுமாக அது போகிறது. படித்தவர்களில் பலர், இதை நீக்கியதே நல்லது என்றுதான் சொன்னார்கள். பூட்டிய அறையைத் திறந்து காட்டியதும் அதன் மீதிருந்த மரியாதை குறைந்துவிட்டது.

இதே இடத்தில் கட்டுரையின் பிழை ஒன்றையும் சுட்டிக்காட்ட வேண்டும். இது உண்மைச் சம்பவத்தைத் தழுவியது என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அப்படி ஒரு நிகழ்ச்சி நடந்ததற்கு எந்தப் பதிவும் இல்லை. லிண்ட்சே தம் நாவலின் முன்குறிப்பில், இது நடந்ததா கற்பனையா என்பதை வாசகர் முடிவுக்கே விட்டுவிட்டார். அந்த மயக்கத்தைப் படமும் பயன்படுத்திக்கொண்டது. படத்தின் தொடக்க எழுத்துகள் அந்த நாளைச் சனிக்கிழமை என்கின்றன. 1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 14 புதன்கிழமை. விக்டோரியா மாநிலம் என்கின்றன; ஆஸ்திரேலியக் கூட்டாட்சி 1901 ஜனவரி முதல் நாளில்தான் பிறந்தது, அதுவரை விக்டோரியா பிரிட்டனின் குடியேற்றப் பகுதி. பள்ளிக்கூடமாகக் காட்டப்படும் மாளிகைகூடப் பாறைக்குப் பக்கத்தில் இல்லை; நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், தெற்கு ஆஸ்திரேலியாவின் மின்டாரோ அருகிலுள்ள மார்ட்டின்டேல் ஹால் அது.

சரி, கதையின் பலவீனம் எங்கே?

சாரா பள்ளியின் வயதில் சிறிய மாணவியரில் ஒருத்தி, அனாதை. மிராண்டாவை உயிராக நேசிக்கிறாள். சுற்றுலா அன்று காலை, நான் நீண்ட காலம் இங்கே இருக்கமாட்டேன், என்னைத் தவிர வேறு யாரையாவது நேசிக்கக் கற்றுக்கொள் என்று மிராண்டா அவளிடம் சொல்லிவிட்டுப் போகிறாள். சாராவுக்குச் சுற்றுலா இல்லை, பள்ளியிலேயே நிறுத்திவைக்கப்படுகிறாள். மிராண்டா திரும்பவில்லை. அடுத்த வாரங்களில் சாராவின் பாதுகாவலர் கட்டணம் அனுப்பத் தவறுகிறார். ஏற்கெனவே மாணவியரை இழந்துகொண்டிருக்கும் தலைமையாசிரியை, உன்னை அனாதை இல்லத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவேன் என்கிறார். கூன் நிமிர்த்துவது என்ற பெயரில் அவளைப் பலகையில் வாரால் கட்டி நிறுத்துகிறார்கள். ஒரு நாள், பாதுகாவலர் வந்து சாராவை அழைத்துப்போய்விட்டார் என்று தலைமையாசிரியை பிரெஞ்சு ஆசிரியையிடம் சொல்கிறார். அடுத்துச் சாராவை நாம் காணும்போது, கண்ணாடிக் கூரையை உடைத்துக்கொண்டு விழுந்து, செடிகளுக்கு நடுவே பிணமாகக் கிடக்கிறாள். தோட்டக்காரர் ஓடிவந்து செய்தி சொல்லும்போது தலைமையாசிரியை முழுத் துக்க உடையில் மேசை முன் அமர்ந்திருக்கிறார்.

படத்தில் விடை உள்ள சாவு இது ஒன்றுதான். இதற்குக் காரணம் பாறையன்று, காலத்தின் மாயமும் அன்று. கட்டணப் பாக்கி, ஒரு பெரியவரின் கடுமை, கேட்க நாதியற்ற ஒரு குழந்தை. அவள் தானே குதித்தாளா, தள்ளப்பட்டாளா என்பதுகூட இரண்டாவது கேள்விதான். அவளை அந்த மாடி ஜன்னல்வரை கொண்டுபோய் நிறுத்தியவை எல்லாம் நம் கண்ணெதிரே நடந்தவை. கதை தன் முழு பலத்தையும் காட்டியிருக்க வேண்டிய இடம் இதுவே. ஆனால் படம் இங்கேயும் முகத்திரைத் துணியை லென்சின் முன் தொங்கவிட்டுவிடுகிறது. சாராவின் கடைசி நாள்கள் துண்டு துண்டாக, கனவு போல, ஒன்றுக்கொன்று தொடர்பு அறுந்து நகர்கின்றன. குதிரைக்காரன் ஆல்பர்ட்டும் அவளும் ஒரே அனாதை இல்லத்தில் பிரிந்த அண்ணன் தங்கை என்பது போகிறபோக்கில் தெரிகிறது. இருவரும் அறியாமலே போய்விடுகிறார்கள். நல்ல திரைக்கதைக்கு அந்த உறவு எவ்வளவு பெரிய கைப்பொருள்! ஒரு கனவைப் பற்றிய பேச்சோடு அது கைவிடப்படுகிறது. தலைமையாசிரியையின் முடிவோ ஒரு குரலின் அறிவிப்பாக, ஓரிரு வாக்கியங்களில் முடிகிறது.

இதைச் சொல்லும்போது எனக்கு என் விடுதியின் சாப்பாட்டுக்கூடம் நினைவுக்கு வருகிறது. மெஸ் பாக்கி உள்ளவர்களின் பெயர்களை மாதம் ஒருமுறை இரவுச் சாப்பாட்டுக்கு முன் எல்லார் முன்னிலையிலும் படிக்கும் வழக்கம் அங்கே இருந்தது. படித்தவள் நான். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் பெயர் தொடர்ந்து மூன்று மாதம் வந்தது. நான்காம் மாதம் பட்டியலைக் கையில் எடுத்தபோது, அவள் தட்டைக் கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்துவிட்டு, பசியில்லை அம்மா என்று சொல்லிப் படியேறிப் போனாள். நான் பட்டியலைப் படித்து முடித்தேன். பிறகு மேலே போய்ப் பார்த்தேன். ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றிருந்தாள். அவளுக்கு ஒன்றும் நேரவில்லை; படித்து முடித்து, நன்றாக இருக்கிறாள். ஆனால் சாராவின் ஜன்னலைத் திரையில் காணும்போதெல்லாம் அந்தக் கவிழ்த்து வைத்த தட்டு என் கண்ணில் வந்து நிற்கிறது. பெயரைப் படிக்கும் ஒரு குரல், எழுந்து போகும் ஒரு குழந்தை. இதில் புரியாத மர்மம் என்ன இருக்கிறது?

படத்திலேயே ஒரு காட்சி உண்டு. காணாமற்போனவர்களைப் பற்றித் தோட்டக்காரரும் வேலையாள் இளைஞனும் கண்ணாடி வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஏதாவது ஒரு விடை இருக்கத்தான் வேண்டும் என்று இளைஞன் வாதிடுகிறான். சில கேள்விகளுக்கு விடை உண்டு, சிலவற்றுக்கு இல்லை என்கிறார் முதியவர். பிறகு அங்கிருக்கும் தொட்டாற்சிணுங்கிச் செடியைத் தொட்டு, இலைகள் மூடிக்கொள்வதைக் காட்டுகிறார். சாரா பிணமாகக் கிடப்பது அதே கண்ணாடி வீட்டில். இந்தப் பொருத்தத்தை முதல் முறை கவனித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. விடையில்லாத கேள்வியும் விடையுள்ள கேள்வியும் ஒரே கூரையின் கீழ் வைக்கப்பட்டுவிட்டன. இரண்டையும் வேறுபடுத்திக் காட்டும் பொறுமைதான் படத்துக்கு இல்லை. தோட்டக்காரரின் வாக்கை அது பாறைக்கு மட்டும் பொருத்தியிருக்கலாம், சாராவுக்கும் சேர்த்தே பொருத்திவிட்டது.

வியர் 1998-இல் படத்தை மறுபடியும் தொகுத்து வெளியிட்டார். பொதுவாக இயக்குநர் தொகுப்பு என்றால் நீளம் கூடும். இவர் ஏறக்குறைய ஏழு நிமிடத்தைக் குறைத்தார். மைக்கேல் என்ற ஆங்கிலேய இளைஞனுக்கும் மீண்டுவந்த இர்மாவுக்கும் இடையிலான காட்சிகள் போயின. அவை போனதில் எனக்கு வருத்தமில்லை. படத்தின் பின்பாதி தொய்ந்துவிட்டது என்று அவரே உணர்ந்திருக்க வேண்டும். ஆனால் தொய்வை வெட்டிச் சரிசெய்ய முடியாது என்றே எனக்குப் படுகிறது. பின்பாதி யாருடைய கதை என்று முடிவு செய்யாததுதான் அங்கே கோளாறு. மைக்கேலின் ஏக்கமா, இர்மாவின் மறதியா, தலைமையாசிரியையின் வீழ்ச்சியா என்று படம் மாறி மாறித் தாவுகிறது. அத்தனைக்கும் நடுவில், வளரவே விடப்படாத சாராவின் கதை காத்துக்கொண்டு நிற்கிறது. மர்மத்தோடு பருவக் கதையாகவும் இதைக் கொண்டால், அதன் உண்மையான நாயகி அவளே.

பாறைக்குப் போன அனுபவத்தையும் இந்தக் கருத்தோடு சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 718 மீட்டர் உயரம். சுற்றியுள்ள சமவெளியிலிருந்து 105 மீட்டர்தான் எழும்பி நிற்கிறது. அடிவாரத்தில் குதிரைப் பந்தயத் திடல். படியேறிச் சிறிது தூரம் போனால், இரு பாறைகளுக்கு இடையே சிக்கி அந்தரத்தில் நிற்கும் ஒரு பெரிய குண்டுக்கல் பாதைக்கு மேலே தொங்குகிறது. இடத்துக்குப் பெயர் கொடுத்த கல் அதுதான். அதன் நிழலுக்குள் நுழைந்ததும் காற்றின் ஒலி மாறிவிடுகிறது. சாம்பல் நிறப் பாறையைத் தொட்டால், வெயிலிலும் சில இடங்களில் சில்லென்றிருக்கிறது. ஏறக்குறைய ஆறு மில்லியன் ஆண்டுகளுக்கு முன், கெட்டியான எரிமலைக் குழம்பு பிதுங்கி மேலே வந்து உறைந்த பாறை அது. படத்தில் மெக்ரா அம்மையார் அதன் வயதையும் வேதியலையும் வண்டியிலேயே ஒப்பித்துவிடுகிறார்.

அவர் சொல்லாதது ஒன்று உண்டு. பல்லாயிரம் ஆண்டுகள் இது ஜா ஜா வுருங், வொய் வுருங், தாங்குருங் மக்களின் நிலமாக இருந்தது. குடியேறிகள் வந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அவர்களை இந்த நிலத்திலிருந்து அப்புறப்படுத்தினார்கள். படத்தில் அந்த மக்களின் சார்பாக வருபவர் தேடுதல் குழுவோடு சுவடு பார்க்கும் ஒரே ஒருவர். அவருக்குப் பெயரில்லை, பேச்சும் இல்லை. 2017-இல் இங்குள்ள பெண் கலைஞர் ஒருவர், கற்பனையில் காணாமற்போன வெள்ளைக்காரப் பெண்களுக்காக உருகும் நாம் உண்மையில் இங்கிருந்து காணாமலாக்கப்பட்டவர்களை ஏன் நினைப்பதில்லை என்று கேட்டு ஓர் இயக்கமே நடத்தினார். மிராண்டா போகட்டும் என்பது அதன் முழக்கம். 1975-ஆம் ஆண்டுப் படத்தை அதற்காகக் கூண்டில் ஏற்ற நான் விரும்பவில்லை. ஆனால் சாராவுக்கு நேர்ந்ததுதான் இங்கேயும் நேர்ந்திருக்கிறது: காரணம் தெரிந்த ஓர் இழப்பு, காரணம் தெரியாத இழப்பின் அழகில் மறைந்துபோயிற்று.

கட்டுரையாளருக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். படத்தை இன்னொரு முறை பாருங்கள். இம்முறை பாறையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்தைப் பாருங்கள். இறுதிக் காட்சியில் வியர் சுற்றுலா நாளுக்கே திரும்பிப் போகிறார். புல்வெளியில் வெள்ளை உடைகள், குடைகள், கேக், மெதுவாக நகரும் உருவங்கள். மிராண்டா திரும்பி ஒரு முறை கையசைக்கிறாள், படம் உறைந்து நின்றுவிடுகிறது. கூட்டத்தில் ஒவ்வொரு முகமாக நான் தேடிப் பார்த்தேன். சாராவை அன்று யாரும் அழைத்துப் போகவில்லை. ஆகவே அந்தக் கடைசிச் சித்திரத்திலும் அவள் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
மெல்பர்ன்.